அங்குசத்தின் விலை

யானையை நாங்கள் ஏறக்குறைய அடக்கவிலைக்கே விற்கிறோம்.
லாபமெல்லாம் அங்குசத்தில்.

பெமிட்ஜி, மின்னசோட்டா. ஜனவரி கடைசி நாள்.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
மேசை, பிரிண்டர், ஒரு கிண்ணம் மிட்டாய்,
வந்தவர் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்த
என் பிள்ளைகளின் படம்.

ஆர்லிஸ் ட்வெய்ட் வந்து உட்கார்ந்தார்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது.
கோட்டைக் கழற்றவில்லை.
அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

விலை வெளியே பேசி முடிந்திருந்தது: இருபத்தாறாயிரத்து நானூறு.
நான் நீட்டிய தாளில் மூவாயிரத்து நானூற்று முப்பது
கூடியிருந்தது.
"இது என்ன?" என்றார்.
"மாதம் ஐம்பத்தெட்டு டாலர்தான்" என்றேன்.
மொத்தம் கேட்டவருக்கு மாதத்தைச் சொல்,
எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.
"எழுபத்திரண்டு மாதம்" என்றார்
என் பிள்ளைகளைப் பார்த்தபடி.
"நாலாயிரத்து நூற்று எழுபத்தாறு."

நான் அடுக்கினேன்.
துருவுக்கு அடிப்பூச்சு. வண்ணத்துக்கு மேல்பூச்சு.
இருக்கையில் காப்பி சிந்தினால் ஒட்டாத ஏதோ ஒன்று,
அது என்னவென்று இன்றுவரை எனக்கே தெரியாது.
டயரில் நைட்ரஜன்.
"நான் இப்போது விட்ட மூச்சில் முக்கால்வாசி
அதுதானே?"
திருட்டுக்குக் காவலாய்க் கண்ணாடியில் எண்.
"பொறித்தாகிவிட்டது மேடம், அழிக்க முடியாது."
"அப்படியானால் அது உங்கள் செலவு."

மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.
மேலாளர் நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.
நடைவழியில் நின்று காப்பி குடித்தேன்,
ஹாக்கி பேசினேன், இருபத்தைந்து நிமிடம்.
பசியும் சலிப்பும்
சம்பளம் வாங்காமல் எங்களிடம் வேலை பார்ப்பவை.

திரும்பினால், அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.
உறைந்த ஏரியில் துளை போட்டு
தூண்டிலோடு விடிய விடிய உட்காரும் ஊர் இது.
துளையின் ஓரத்தில் இருப்பது யார்
அடியில் நீந்துவது யார் என்று
கொஞ்ச நேரம் எனக்குக் குழம்பிவிட்டது.

"என் பழைய பிக்கப்பின் சாவி?"
"மதிப்புப் போட எடுத்துப் போனார்கள். தேடுகிறோம்."
"நிதானமாகத் தேடுங்கள்" என்று
பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார்.
எழுந்தார். கோட்டு ஏற்கெனவே போட்டிருந்தது.

அந்த மாதம் எனக்குப் பதினொன்று ஆகியிருந்தது.
பன்னிரண்டில்தான் போனஸ்.
வாகனக்கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே
அவருடைய விளக்குகள் எரிந்ததும்
புதிதாய் ஒரு தாளை அச்செடுத்து
சட்டையோடு ஓடினேன்.

இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடி இறங்கியது.
தாளை உள்ளே வாங்கி
வரிவரியாய், விரல் வைத்து,
பின்பக்கத்தையும் படித்தார்.
வேண்டுமென்றே மெதுவாகத்தான், எனக்குத் தெரியும்.
என் காதுகள் முதலில் எரிந்து, பிறகு காணாமல் போயின.
"ஏறி உட்காருங்கள்" என்றார் கடைசியில்.
"காது விழுந்துவிட்டால் அதற்கும் ஒரு காப்பீடு
என்னிடம் விற்பீர்கள்."

இருபத்தாறாயிரத்து நானூறு. வரி. பதிவுக் கட்டணம்.
வேறெதுவும் இல்லை.
எங்கள் ரப்பர் மிதியடி நூற்று நாற்பது என்றேன்,
பழக்கதோஷம்.
அவர் சிரிக்கக்கூட இல்லை.

இரவு ஒன்பது மணி. கடைசியாக நான்தான் பூட்டினேன்.
என் வண்டியின் சக்கரங்களில் படிந்த பனியை
காலால் தட்டிவிட்டேன்.
நான்கு வால்வுகளிலும்
பச்சை மூடி.
நைட்ரஜனின் அடையாளம்.
ஊழியர் விலைதான்,
நூற்றுப் பத்து.